புகைக்கோழி சரிவரவில்லையா? கோழியை ஏசுமுன் நெருப்பைப் பாருங்கள்

எங்கள் வீட்டு அடிவளவில், கிணற்றுக்கும் மாமரத்துக்கும் நடுவே, நெடுக்காக வெட்டிய ஒரு 44 கலன் பரல், அதாவது இரும்புப் பீப்பாய், நாலு காலில் நிற்கிறது. வெல்டிங் கடையில் சொல்லிச் செய்வித்தது. மூடிக்குப் பிணைச்சல், கீழே இரண்டு காற்றுத்துளை, மேலே ஒரு குட்டைக் குழாய், நடுவில் கம்பித்தட்டு. அதில் நான் புகையில் வேகவைத்த முதல் பத்துக் கோழிகளைப் பற்றி வீட்டில் இன்றைக்கும் கதைக்கிறார்கள். நல்லதாக அல்ல.

ஆகவே இது செய்முறை அல்ல. கோழி ஏற்கெனவே பிழைத்துப்போய், கையில் குறட்டோடு நின்று “எங்கே விட்டேன்?” என்று யோசிப்பவருக்கு எழுதுவது. உங்கள் கோழிக்கு என்ன நடந்ததோ அந்த இடத்துக்கு நேரே போகலாம். ஆனால் இரண்டு விசயத்தை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, சூட்டுக்கணக்கு. மூடிக்குள் இருக்கிற காற்றின் சூடு வேறு, கோழியின் உள்ளே இருக்கிற சூடு வேறு. கோழி வெந்ததா என்பதற்கு ஒரே சாட்சி உள்சூடு: தொடையிலும் நெஞ்சிலும் ஆகத் தடித்த இடத்தில், எலும்பில் முட்டாமல் குத்திப் பார்த்தால் 74 பாகை செல்சியஸ். இதற்குக் குத்துகிற ஊசி வெப்பமானி ஒன்று கட்டாயம் வேண்டும். வாங்கியதும் கொதிக்கிற தண்ணீரில் பிடித்துப் பாருங்கள். யாழ்ப்பாணம் கடல்மட்டத்தோடு கிடக்கிற ஊர், ஆகவே 100 காட்டவேண்டும். 94 காட்டினால் அந்த ஆறை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மூடியில் பொருத்தி வருகிற வட்ட முள்மானியை நான் நம்புவதில்லை. அது மூடியின் உச்சிச் சூட்டைச் சொல்லும், கோழி படுத்திருக்கிற தட்டின் சூட்டைச் சொல்லாது.

மற்றது, நாங்கள் புகை போட்டுப் பழகின ஆட்கள். வாழைக்குலை பழுக்கக் கிடங்கில் புகை போடுவோம். பின்னேரம் நுளம்புக்குப் பொச்சுமட்டையில், அதாவது காய்ந்த தேங்காய் மட்டையில், புகை போடுவோம். பிள்ளை முழுகினால் சாம்பிராணிப் புகை. இதெல்லாம் நெருப்பை அமுக்கி, மூச்சுத் திணறவைத்து எடுக்கிற புகை. அந்தக் கைப்பழக்கத்தோடு கோழிக்குப் போனால் கோழி கெடும். கீழே வருகிற குற்றங்களில் சிலவற்றின் வேர் அதுதான்.

“கசக்குது. நாக்கு மரக்குது.”

பார்க்க அழகாக இருக்கும். தேன் நிறம், பளபளப்பு. வாயில் வைத்தால் வேப்பங்கொழுந்து. நுனிநாக்கு இலேசாக மரத்துப்போகும். அடுத்த நாள் காலையில் ஏப்பம் விட்டாலும் அதே மணம்.

என்னுடைய மூன்றாவது கோழி அப்படி வந்தது. பெரியப்பா ஒரு துண்டை வாயில் வைத்து, மெல்லுவதை நிறுத்தி, என்னைப் பார்த்தார். “தம்பி, இது கோழிக்குப் போடுற புகை இல்லையடா. புகையிலைக்குப் போடுற புகை.” பகிடியாகச் சொல்லவில்லை, அனுபவத்தில் சொன்னார். இளமையில் வலிகாமத்துத் தோட்டங்களில் புகையிலை வேலை செய்தவர். புகைக்குடிலில் புகையிலையைத் தொங்கவிட்டு, கீழே பொச்சுமட்டையைக் கனலவிட்டு, காற்றுப் போகாமல் அடைத்துவிடுவார்கள். அந்தத் தடித்த புகையின் பிசுபிசுப்பு இலையில் ஏறவேண்டும் என்பதுதான் அங்கே நோக்கம். நானோ அதே பொச்சுமட்டையை, அதே மாதிரி மூடியை இறுக்கி, கோழிக்குச் செய்திருக்கிறேன். சுருட்டுக் கோழி.

ஏன் கசக்கிறது? விறகுக்குப் போதிய காற்றுக் கிடைத்தால் அது சுத்தமாக எரியும். புகை மெல்லியதாக, வெயிலில் இலேசான நீலமாகத் தெரியும், சில வேளை தெரியவே தெரியாது. காற்றுக் குறைந்தால் விறகு எரியாமல் கனலும். அரைகுறையாக எரிந்த தாரும் கரித்தூளும் நீராவியும் சேர்ந்து பஞ்சு மாதிரி வெள்ளையாகவோ மஞ்சளாகவோ உருண்டு வரும். கோழி அந்த நேரத்தில் குளிராகவும் ஈரமாகவும் இருப்பதால் அந்தத் தார் முழுக்க அதன் மேல் படியும். புகைக்குழாயின் உட்பக்கத்தில் கறுப்பாக ஒட்டியிருக்கிறதே, அதே பொருள்தான்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். கழுவித் துடைத்த சில்வர் மூடி ஒன்றைப் புகைக்குழாய்க்கு மேலே அரை நிமிடம் பிடியுங்கள். ஆறவிட்டு விரலால் ஒருமுறை இழுத்து, விரலை மோந்து பாருங்கள். விரலில் மண்ணிறமாக ஒட்டிக்கொண்டு சுருட்டு மணம் அடித்தால் கோழியை உள்ளே வைக்கவேண்டாம். கொஞ்சம் நீர் வேர்த்ததைத் தவிர ஒன்றும் இல்லாவிட்டால் வைக்கலாம். எனக்கு எந்தக் கருவியும் இவ்வளவு நேர்மையாகப் பதில் சொன்னதில்லை.

சரிசெய்வது இப்படி. மேல் துளையை முழுதாகத் திறந்து வையுங்கள், கடைசிவரை அதைத் தொடவேண்டாம். சூட்டைக் கூட்டுவதும் குறைப்பதும் கீழ்த்துளையால் மட்டும். மேலே அடைத்தால் புகை உள்ளே நின்று நல்லாய்ப் பிடிக்கும் என்று எல்லாரும் நினைப்பார்கள், நானும் நினைத்தேன். நின்ற புகை பழம்புகை, அது கசக்கத்தான் செய்யும். அப்புறம், நெருப்பு மூட்டிய கையோடு கோழியை வைக்கக்கூடாது. கரி சாம்பல் பூத்து, முதல் வெள்ளைப் புகை அடங்க இருபது, முப்பது நிமிடம் ஆகும். அதற்குள் ஒரு பிளேன்ரீ குடிக்கலாம்.

விறகைத் தண்ணீரில் ஊறப்போடுகிறவர்களுக்கு ஒரு சொல்: ஊறப்போடாதீர்கள். தண்ணீர் கட்டையின் மேற்தோலோடு நின்றுவிடும். நெருப்பில் வைத்தால் முதலில் வருவது நீராவி. அது வற்றுகிறவரை கட்டை கனலும், அந்தக் கனலில் வருவதுதான் அழுக்குப்புகை. காய்ந்த கட்டை, பெருவிரல் மொத்தம், ஒரு சாண் நீளம், ஒன்றரைக் கிலோக் கோழிக்கு மூன்று துண்டு. அவ்வளவே. கோழி மாட்டிறைச்சி மாதிரி அல்ல, கொஞ்சப் புகையிலேயே மணம் பிடித்துவிடும்.

எந்தக் கட்டை என்பதில் ஊருக்கு ஊர் வழக்குண்டு. என் அனுபவம்: கொய்யா முதலாவது. மணம் மெதுவானது, இனிப்பு கலந்தது. நன்றாய்க் காய்ந்த மாங்கொம்பு அடுத்தது. பச்சை மாங்கொம்பு கூடாது, அதன் பால் எரியும்போது கண்ணைப் பிடுங்கும். புளியங்கட்டை கரியாக்கி எரிக்க அருமையானது, தணல் நெடுநேரம் நிற்கும். ஊமலும் (காய்ந்த பனங்கொட்டை) சிரட்டையும் கட்டையாக வேண்டாம், கரியாக வேண்டும். பச்சையாகப் போட்டால் சிரட்டை எண்ணெய்ப்புகை கக்கும். முதலில் தனியாகக் கொளுத்தி, சுவாலை அடங்கிச் சிவந்த பிறகு அள்ளிப் பரலுக்குள் போட்டால் இரண்டும் நல்ல சூடு தரும். வேப்பங்கட்டையை ஒருமுறை முயன்றேன். அதைப்பற்றிப் பேசவேண்டாம். வேலியில் நிற்கிற கதிகாலை வெட்டி அப்படியே போடுகிறவர்களும் உண்டு. பச்சைத் தடி எதுவானாலும் பிழை.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லவேண்டும். அலரித் தடி கூடவே கூடாது. செவ்வலரியும் சரி, மஞ்சள் அலரியும் சரி. புகைக்கும் கூடாது, இறைச்சி குத்துகிற ஈர்க்குக்கும் கூடாது. இதயத்தை நிறுத்துகிற நஞ்சு அது. எங்கள் ஊருக்கு அலரி விதையின் கதையை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பூவுக்காக முற்றத்தில் நின்ற மரத்தைக் கத்தரித்த தடிகள் விறகுக் குவியலில் கலந்து கிடக்கலாம். அடையாளம் தெரியாத தடியை எடுக்காதீர்கள். தீந்தை பூசிய பலகை, பழைய தளபாடம், பலகைப் பெட்டி இவையும் அப்படித்தான்.

கசந்துபோன கோழியை என்ன செய்வது? கழுவினால் போகாது. கசப்பு பெரும்பாலும் தோலோடு நிற்கும். தோலை உரித்தெடுத்து எறிந்துவிட்டு, உட்சதையை உதிர்த்து, வெங்காயமும் பச்சைமிளகாயும் தூக்கலாகப் போட்டுக் கொத்துரொட்டிக்குக் கொடுத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் அந்த இரவு அதுதான் நடந்தது. பெரியப்பா இரண்டாம் முறையும் போட்டுச் சாப்பிட்டார்.

“தோல் ரப்பர் மாதிரி இழுபடுது.”

சதை பஞ்சாக வெந்திருக்கும், தோல் மட்டும் பல்லில் மாட்டிக்கொண்டு முழுதாகக் கழன்று வரும். இது குறைந்த சூட்டின் குற்றம். மாட்டிறைச்சிக்கும் பன்றிக்கும் 110 பாகையில் நாள் முழுக்கப் புகைபோடுகிற முறை வேற்றூர்களில் உண்டு. காணொளிகளில் பார்ப்பது பெரும்பாலும் அதுதான். அதில் கடினமான தசைநார் இளக நேரம் வேண்டும், அதனால் பொறுமை. பண்ணைக்கோழி ஐந்தாறு கிழமைக் குஞ்சு, இளக்க அதில் அப்படி ஒன்றும் இல்லை. அதன் தோலுக்கு அடியில் கிடக்கிற கொழுப்புத்தான் உருகி வடியவேண்டும், மேலே இருக்கிற ஈரம் காயவேண்டும். 110 பாகையில் இரண்டும் நடக்காது. தோல் அவிந்த தோலாக நிற்கும்.

ஆகவே கோழிக்கு 150 முதல் 165 பாகை வையுங்கள். முதுகெலும்பை இருபுறமும் வெட்டியெடுத்து, நெஞ்சில் உள்ளங்கையால் ஒரு அழுத்து. ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும், கோழி விரித்த புத்தகம் மாதிரிப் படுத்துவிடும். ஒன்றரைக் கிலோக் கோழி அந்தச் சூட்டில் ஒன்றேகால், ஒன்றரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும். வெட்டியெடுத்த முதுகெலும்பை எறியவேண்டாம், இரசத்துக்கு வையுங்கள்.

தோலைக் காயவைப்பது முதல்நாளே தொடங்குகிற வேலை. உப்புத் தடவி, மூடாமல், பிரிட்ஜில் ஒரு இரவு. காலையில் தோல் கடுதாசி மாதிரித் தொடுகைக்கு வரட்சியாக இருக்கவேண்டும். உப்போடு ஒரு கிலோவுக்கு ஒரு சிறு தேக்கரண்டி பேக்கிங் பவுடர் கலந்து தடவினால் இன்னும் மொறுமொறுக்கும். பேக்கிங் பவுடர் என்றுதான் சொன்னேன், அப்பச்சோடா அல்ல. மச்சாள் ஒருமுறை இரண்டையும் ஒன்றென்று நினைத்துத் தடவிவிட்டாள். சவர்க்காரம் நக்கியது போல் இருந்தது.

தயிரும் பசையுமாக அரைத்த மசாலாவை மொத்தமாகப் பூசினாலும் தோல் மொறுமொறுக்காது. அந்த ஈரம் வற்றுவதற்குள் கோழி வெந்துவிடும். மசாலா வேண்டுமானால் தோலைக் கிளப்பி உள்ளே, சதைமேல் தேயுங்கள். வெளியே உப்பும் கொஞ்ச மிளகும் போதும்.

இன்றைக்கே காப்பாற்ற வழி உண்டு. உள்சூடு 70ஐத் தொட்டதும் கோழியைத் தணலுக்கு நேர்மேலே கொண்டுவந்து, தோல் கீழாக, மூடாமல், மூன்று நாலு நிமிடம். பக்கத்திலேயே நில்லுங்கள், ஃபோனைப் பார்க்கக்கூடாது. இறக்கமுன் உள்சூடு 74ஐத் தாண்டியதா என்று இன்னொருமுறை குத்திப் பாருங்கள். இறக்கிய பிறகு ஃபொயிலால் இறுக்கி மூடாதீர்கள். தன் ஆவியிலேயே தோல் திரும்ப அவிந்துவிடும்.

“வெளியே கரி, உள்ளே இரத்தம்.”

தணலைப் பரல் முழுக்கப் பரப்பி, நேர்மேலே கோழியை வைத்தால் இதுதான் நடக்கும். கொழுப்புச் சொட்டும், சுவாலை எழும், தோல் கறுக்கும், எலும்போரம் பச்சையாகவே நிற்கும். அது சுடுவது, புகையில் வேகவைப்பது அல்ல. தணலைப் பரலின் ஒரு பக்கம் ஒதுக்கி, கோழியை மற்றப் பக்கம் வையுங்கள். தொடைப்பக்கம் நெருப்பை நோக்கியும் நெஞ்சு விலகியும் இருக்கட்டும். தொடைக்குத்தான் கூடச் சூடு வேண்டும். 74இல் தொடை வெந்துவிடும், ஆனால் 80ஐத் தாண்டினால்தான் பதமாக இருக்கும். கோழிக்கு நேர்கீழே ஒரு தட்டையான பேணியில் தண்ணீர் வைத்தால் சொட்டுகிற கொழுப்பு அதில் விழும், சூடும் ஏறியிறங்காது.

கறுப்புக்கு இன்னொரு காரணம் எங்கள் கறித்தூள். யாழ்ப்பாணத்துத் தூள் ஏற்கெனவே வறுத்து இடித்தது. அதைத் தோலில் அப்பி ஒன்றரை மணித்தியாலம் நெருப்புப் பக்கம் வைத்தால் வறுத்ததை மீண்டும் வறுக்கிறோம். மிளகாய் கருகிக் கசக்கும், முதலாவது கசப்போடு இதைக் குழப்பிக்கொள்ளவேண்டாம். புகைக்கசப்பு நாக்கை மரக்கவைக்கும், தூள்க்கசப்பு தொண்டையைக் கரகரக்கவைக்கும். பனங்கட்டியும் அப்படித்தான், இனிப்பு எதுவும் நெடுநேரச் சூட்டைத் தாங்காது. நான் செய்வது: ஒரு குட்டான் பனங்கட்டியைப் புளிக்கரைசலில் கரைத்து, கொஞ்சம் மிளகாய்த்தூளோடு பாகாகக் காய்ச்சி வைத்துக்கொண்டு, கடைசிப் பத்து நிமிடத்தில் மட்டும் பூசுவேன்.

இனி இரத்தம். பயப்படமுன் வெப்பமானியைக் குத்துங்கள். எலும்போரம் சிவப்பாகவோ கறுஞ்சிவப்பாகவோ இருப்பது வேகாததன் அடையாளம் என்று சொல்லமுடியாது. பண்ணைக்கோழி இளசு, அதன் எலும்பு இன்னும் இறுகவில்லை, எலும்புக்குள் இருக்கிற மச்சையின் நிறம் கசிந்து சதையில் ஊறும். தோலுக்கு அடியில் ரோசாப்பூ நிறத்தில் ஒரு வரி ஓடுகிறதா? அது புகையில் இருக்கிற வாயு இறைச்சியின் நிறப்பொருளோடு சேர்ந்து உண்டாக்குவது. வெளிநாடுகளில் அந்த வரிக்காகப் பெருமைப்படுவார்கள். எங்கள் அம்மம்மாவோ அதைப் பார்த்துவிட்டு, “பச்சை இறைச்சியைப் பிள்ளையளுக்குக் குடுக்கிறியோ?” என்று கோப்பையை என் முன்னால் தள்ளிவிட்டார். 78 காட்டிய மானியை அவருக்குக் காட்டினேன். “உந்த ஊசி சொல்லுறதை நான் என்னத்துக்குக் கேக்கவேணும்?” என்றார். அந்தக் கோழி தாச்சியில் இன்னொரு சுற்றுச் சுற்றியது. சில வாதங்களில் வெல்ல முடியாது.

மறுபக்கம், சதை வெள்ளையாக இருக்கிறது என்பதால் வெந்துவிட்டதென்றும் சொல்லமுடியாது. நிறம் சாட்சி அல்ல, மானிதான் சாட்சி.

“ரெண்டு மணித்தியாலம் போச்சு. சூடு ஏறுதேயில்லை.”

இதில் சுவை மட்டுமல்ல, வயிறும் சம்பந்தப்பட்டிருக்கிறது. 5 பாகைக்கும் 60 பாகைக்கும் நடுவே கிருமி பெருகும். இளஞ்சூட்டில் கோழி மணிக்கணக்காகக் கிடக்கக்கூடாது. நெருப்பு படுத்துவிட்டது, கோழி இன்னும் 60ஐத் தொடவில்லை என்றால் பரலோடு மல்லுக்கட்டாதீர்கள். வெட்டி அடுப்பில் ஏற்றி உடனே வேகவையுங்கள். மசாலா தடவிய கோழியை மேசையில் வைத்துவிட்டு விருந்தாளிக்குக் காத்திருப்பதும் அதே குற்றம். எங்கள் வெயிலில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே வைக்கக்கூடாது. மின்வெட்டு நீண்ட நாளில் நான் கோழி வாங்குவதே இல்லை.

நெருப்பு ஏன் படுத்தது? பெரும்பாலும் சாம்பல். கீழ்த்துளையைப் போனமுறைச் சாம்பல் அடைத்திருக்கும். பரலின் அடியில் நேரே கரியைக் கொட்டாமல், நாலு விரல் உயரத்தில் ஒரு கம்பித்தட்டு வைத்து அதில் கொட்டினால் காற்று அடியால் போகும். அடுத்தது ஈரக்கரி. ஐப்பசி, கார்த்திகை மாரியில் சாக்கில் கிடக்கிற கரி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கையில் எடுத்து ஒன்றோடொன்று தட்டுங்கள். ‘கிண்’ என்றால் காய்ந்தது, ‘தொம்’ என்றால் ஈரம். வாளியில் போட்டு மூடி வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. மூன்றாவது காரணம் நீங்கள்தான். மூடியை ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் சேர்த்து வைத்த சூடு முழுக்க மேலே போய்விடும். கனடாவிலிருந்து வந்த மச்சான் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து படம் எடுத்தார். கோழி இரவு ஒன்பதரைக்கு வெந்தது.

புதிதாகக் கரி போடவேண்டி வந்தால், பச்சைக் கரியை உள்ளே தள்ளாதீர்கள். வெளியே ஒரு தகரப்பேணியில் கொளுத்திச் சிவந்த பிறகு போடுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றி மூட்டினால் கோழி மண்ணெண்ணெய் மணக்கும், இதை எழுதத் தேவையில்லை என்றுதான் நினைத்தேன். பனையோலையும் பன்னாடையும் இருக்கிற ஊரில் மண்ணெண்ணெய் எதற்கு?

“நெருப்பு கட்டுக்கடங்குதில்லை.”

சோளகம் வீசுகிற மாதங்களில் இது வரும். வைகாசி முதல் புரட்டாதிவரை தெற்கும் மேற்கும் கலந்த காற்று. வெளிநாட்டு ஆட்கள் விடுமுறைக்கு வந்து “அண்ணை, கோழி போடுவமே?” என்று கேட்கிற மாதங்களும் அவைதான். கீழ்த்துளை காற்றுக்கு முகம் கொடுத்து நின்றால் அது துருத்தி மாதிரி வேலைசெய்யும், 150இல் நின்ற சூடு 220க்குப் பாயும். பரலைத் திருப்பி, துளை காற்றுக்கு முதுகைக் காட்டுகிறபடி வையுங்கள். இல்லாவிட்டால் காற்று வருகிற பக்கம் இரண்டு தகரத்தையோ கிடுகையோ மறைப்பாகக் கட்டுங்கள். கிடுகென்றால் ஆறேழு அடி தள்ளி, வாளியில் தண்ணீரும் பக்கத்தில் இருக்கவேண்டும். தை மாதத்தில் காற்று எதிர்ப்பக்கத்திலிருந்து வரும். வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பொங்கலன்று பட்டம் ஏற்றுகிறார்களே, அந்த வாடைக்காற்று. அப்போது பரலும் மறுபக்கம் திரும்பவேண்டும்.

ஏறின சூட்டை இறக்கத் தண்ணீர் தெளிக்காதீர்கள். சாம்பல் கிளம்பிக் கோழிமேல் பூசும். கீழ்த்துளையை முக்கால்வாசி அடைத்துவிட்டுப் பொறுங்கள். பத்து நிமிடம் பிடிக்கும். ஏறின சூட்டை இறக்குவது கடினம், ஏறிவருகிற சூட்டைப் பிடிப்பது சுகம். 130ஐத் தாண்டும்போதே துளையைச் சுருக்கத் தொடங்குங்கள்.

“நெஞ்சிறைச்சி வைக்கோல்.”

ஒரு லீற்றர் தண்ணீருக்கு 60 கிராம் உப்பு. அதில் முழுக்கோழியை எட்டு மணித்தியாலம் பிரிட்ஜில் ஊறப்போடுங்கள், துண்டானால் இரண்டு மூன்று போதும். உப்பு சதையின் புரதத்தை இளக்கி, வேகும்போது நீரைப் பிழிந்துவிடாமல் பிடித்துவைக்கும். ஊறியெடுத்ததைத் துடைத்துக் காயவைத்தால்தான் தோல் சரிவரும், அந்த நேரத்தையும் கணக்கில் எடுங்கள். கல்லுப்பைக் கரண்டியால் அளக்காமல் நிறுங்கள். கல்லின் பருமனுக்கேற்ப ஒரு கரண்டி வேறொரு கரண்டி ஆகும். தீவுப்பக்கத்து உவர்க்கிணறானால் குடிக்கிற தண்ணீரை எடுங்கள்.

ஊர்க்கோழியை வைத்துவிட்டு நெஞ்சு காய்ந்துபோனதென்று சொல்பவர்களுக்கு என்னிடம் மருந்தில்லை. ஒன்றரை வருடம் வளவு முழுக்க ஓடித்திரிந்த சேவலில் கொழுப்பும் இல்லை, இளக்கமும் இல்லை. அது குழம்புக்குப் பிறந்தது. இளம் சேவலானால் உப்புநீரில் போட்டுப் பார்க்கலாம், ஆனால் இரண்டு கோழி விலைக்கு ஒரு சராசரிக் கோழிதான் கிடைக்கும்.

“புகை மணமே இல்லையே?”

கட்டையைக் கடைசியில் போட்டிருப்பீர்கள். கோழி குளிராக, ஈரமாக இருக்கிற முதல் அரை மணித்தியாலத்தில்தான் மணம் பிடிக்கும். தோல் காய்ந்து சூடேறிய பிறகு புகை ஒட்டாது, சும்மா கடந்துபோகும். இன்னொன்றும் உண்டு. மூன்று மணித்தியாலம் புகைக்குள் நின்ற மூக்குக்கு மணம் தெரியாது. முகம் கழுவி, உடுப்பு மாற்றிவிட்டு வந்து சாப்பிடுங்கள்.

“கோழிமேல் கறுப்புச் சொட்டு.”

மூடியின் உட்பக்கத்தில் வேர்த்து விழுகிறது. மேல்துளை அடைபட்டிருக்கிறது அல்லது மூடியில் பழைய பிசின் தடித்திருக்கிறது. சூட்டோடு கம்பித்தூரிகையால் சுரண்டுங்கள். புதுப் பரலானால், முதல் இரண்டு தடவை கோழி இல்லாமல் பெருநெருப்பு மூட்டி உட்பூச்சை எரித்துத் தள்ளவேண்டும். என் பரலில் உள்ளே பூச்சு இருந்ததைக் கடைக்காரர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என்ன ஏற்றிய பரல் என்று கேட்டு வாங்குங்கள். கிருமிநாசினி, இரசாயனம் என்றால் எரித்தும் பயனில்லை, வேண்டாம். தணல் நிற்கிற இடத்தில் நாகம் (துத்தநாகம்) பூசிய தகரமும் கூடாது, சூடேறினால் அதன் ஆவி காய்ச்சல் தரும்.

“பக்கத்து வீட்டு அக்கா முகம் குடுக்கிறா இல்லை.”

இதுவும் ஒரு குற்றந்தான், இதற்கு மானி இல்லை. புகை வேலிக்கு மேலால் போய் அவர்களுடைய கொடியில் காய்கிற சேலையில் படிகிறது. அது சிறிய பிரச்சினை, காற்றுப் பார்த்து வைத்தால் தீரும். பெரிய பிரச்சினை நாள். நல்லூர்க் கந்தன் கோயில் திருவிழாவுக்குக் கொடியேறினால் இருபத்தைந்து நாளைக்குப் பல வீடுகளில் மச்சம் இல்லை. வெளிநாட்டுச் சொந்தம் வந்திறங்குவதும் சரியாக அந்த நாட்களில். போனவருடம் மச்சான் ஆடி கடைசியில் வந்து, “தேர் எப்ப முடியும்?” என்று கேட்டபடியே இரண்டு கிழமை மரக்கறி சாப்பிட்டார். கந்தசட்டி ஆறு நாளும் அப்படி. வெள்ளிக்கிழமையைச் சொல்லவே வேண்டாம். விரதம் இருக்கிற மனிசிக்குப் பின்னேரம் நாலு மணிக்கு வேலிப்பொட்டுக்குள்ளால் கோழிமணம் போனால் முகம் எப்படி இருக்கும்?

இப்போது நான் முதல்நாள் பின்னேரமே கேட்டுவிடுவேன். “அக்கா, நாளைக்கு ஏதும் விரதமே?” இல்லையென்றால்தான் கோழியை உப்புநீரில் போடுவது. வெந்ததும் முதல் தொடை மூடின கோப்பையில் வேலிக்கு அப்பால் போகும். போன ஞாயிறு கோப்பை திரும்பி வந்தபோது அதில் நாலு பனங்காய்ப் பணியாரம் இருந்தது. கூடவே ஒரு குரலும் வந்தது: “தம்பி, கொஞ்சம் உறைப்புக் காணாது.”